ஆலகாலத்தை யார் வாசலில் வைப்பது?



சென்ற மாதம் செனாவாங்கில் பிரதோஷ வழிபாடு முடிந்ததும் நம் இளைஞர் பிரிவினரிடம் பேசினேன். அதை எழுதித் தரச் சொன்னார்கள். பேசியது பாதி, எழுத உட்கார்ந்தபோது நினைவுக்கு வந்தது பாதி. பேச்சு வழக்கு அங்கங்கே வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு முதலில் ஒரு கேள்வி கேட்டேன். "பிரதோஷம் எதுக்குக் கும்பிடுறோம்?" எல்லாரும் சரியாகச் சொன்னார்கள். பாற்கடலைக் கடைந்தபோது ஆலகாலம் வந்தது, சிவபெருமான் அதை உண்டார், உலகம் பிழைத்தது. நல்லது. அடுத்த கேள்வி: "அந்த நஞ்சு எங்கேயிருந்து வந்துச்சு?" முன்வரிசையில் இருந்த ஒரு தம்பி, "அசுரர்கள் அனுப்பினது, ஐயா" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் பாருங்கள், பெரியவர்கள் நாமும் உள்ளுக்குள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நஞ்சு என்றால் அது வேறு யாரோ செய்தது.

புராணம் அப்படிச் சொல்லவில்லை. தேவர்களும் அசுரர்களும் அமுதம் வேண்டும் என்று மந்தர மலையை மத்தாக நட்டு, வாசுகியைக் கயிறாகச் சுற்றி இழுத்தார்கள். அந்த வேலையிலேதான் நஞ்சும் வந்தது. அமுதத்துக்காகக் கடைந்த அதே கடல், கடைந்த அதே கைகள். நஞ்சு தலைகாட்டியதும் என்ன செய்தார்கள்? ஓடினார்கள். அமுதம் எனக்கு, உனக்கு என்று பின்னால் சண்டை போட்டவர்களில் ஒருவர்கூட, "இது நாங்க கடைஞ்சதுல வந்தது, நாங்களே பொறுப்பு" என்று நின்றதாகக் கதையில் இல்லை.

இதை ஏன் இப்போது சொல்கிறேன்? காரணம் நம் கோயில் குப்பைத்தொட்டி.

செனாவாங்கில் இருப்பவர்களுக்கு விஷயம் தெரியும். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் கோயிலுக்கு முன்னால், சாலையோரத்தில் லோரி வந்து தூக்கிப்போகும் பெரிய இரும்புத்தொட்டி ஒன்று இருந்தது. வெள்ளிக்கிழமை பூஜை, கல்யாணம், பங்குனி உத்திரம், ஆடி மாதக் கூழ் என்று எதுவாக இருந்தாலும் அது நிரம்பி வழியும். வாழையிலை, தேங்காய் மட்டை, மாலை, மிஞ்சின சோறு, பால்குடத்துக்கு வாங்கின பால் பெட்டிகள், சிரப் தண்ணி குடிச்ச பிளாஸ்டிக் குவளை, போலிஸ்டிரின் பெட்டி. ராஜகோபுரத்தைப் படம் எடுத்தால் தொட்டியும் படத்தில் விழும். வாசலில் நாற்றம். பக்தர்கள் முகம் சுளித்தார்கள். போன ஆண்டு பொதுக்கூட்டத்தில் பேசி, தொட்டியைக் கோயிலுக்குப் பின்புறச் சந்துக்கு மாற்றினோம். மாற்றலாம் என்று கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். இதை மறைத்துவிட்டு உங்களுக்குச் சமயம் பேசினால் அது சரியில்லை.

பின்புறச் சந்தில் மலிவு விலை அடுக்குமாடி வீடுகள் இருக்கின்றன. தோட்டம் துண்டாடப்பட்டபோது வெளியேறி வந்த குடும்பங்கள் பல அங்கேதான் இருக்கின்றன. பொதுக்கூட்டத்துக்கு அவர்களில் யாரும் வரவில்லை. சந்தா கட்டின உறுப்பினர்களுக்குத்தான் அழைப்பு போனது.

இரண்டு மாதம் கழித்து, ஒரு பெரியம்மா என்னைக் கோயில் பின்வாசலில் நிறுத்தினார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். சின்ன வயதிலிருந்தே எனக்கு அவரைத் தெரியும். "தம்பி, சாமிக்கு முன்னால நாறக்கூடாதுன்னு எடுத்துட்டீங்க. சரி. என் வாசல்ல நாறலாமா?" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. மழைக்காலத்தில் தொட்டியிலிருந்து வடியும் தண்ணீர் அவர் வீட்டுக்கு எதிரே உள்ள கால்வாயில்தான் போகிறது. எலி, ஈ எல்லாம் அவர் வீட்டைச் சுற்றித்தான். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. "பேசுறேன் பெரியம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஏன் வாய் வரவில்லை என்றும் சொல்லிவிடுகிறேன். நான் பிறந்தது தோட்டத்தில். காலையில் பெரட்டு, பிறகு பால்மரக்காடு, சாயங்காலம் லயத்து வாசலில் விளையாட்டு. எங்கள் லயத்தில் அந்தக் காலத்தில் குப்பை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. சோற்று நீர் மாட்டுக்கு, சாம்பல் பாத்திரம் தேய்க்க, பால் டின் தண்ணீர் மொள்ள. ஆனால் ஒன்று இருந்தது, வாளிக் கக்கூஸ். அதைத் தூக்கி அப்புறப்படுத்த ஒரு குடும்பம் இருந்தது. தோட்டி வீடு என்போம். கடைசி லயத்தில், மற்ற வீடுகளிலிருந்து தள்ளி அவர்களை வைத்திருந்தார்கள். அவர்கள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கக்கூடாது என்று எங்களுக்குச் சொல்லி வளர்த்தார்கள். துரை மட்டும் சொன்னதில்லை, கிராணி மட்டும் சொன்னதில்லை. நம்ம ஆட்களும் சொன்னார்கள். நம்மைச் சுத்தமாக வைத்தவரைத்தான் நாம் அசுத்தம் என்றோம். என்னை நிறுத்திக் கேட்ட பெரியம்மா அந்த வீட்டு மருமகள். ஐம்பது வருஷம் கழித்து, தொட்டியை மறுபடியும் அதே குடும்பத்து வாசலில் கொண்டுபோய் வைத்திருக்கிறோம், வாக்கெடுப்பு நடத்தி.

இனி நம் தொட்டியை விட்டுவிட்டுக் கொஞ்சம் பெரிய தொட்டிகளைப் பார்ப்போம். விஷயம் ஒன்றுதான்.

செனாவாங்கிலிருந்து மந்தின், லெங்கெங் வழியாகப் போனால் புரோகா வரும். ஞாயிற்றுக்கிழமை மலையேற உங்களில் பலர் போயிருப்பீர்கள். நெகிரி செம்பிலானும் சிலாங்கூரும் சந்திக்கிற எல்லையில் உள்ள சிறிய ஊர். கோலாலம்பூர் வட்டாரக் குப்பையை எரிக்க ஒரு நாளைக்கு 1,500 டன் கொள்ளும் மிகப் பெரிய ஆலை ஒன்றைக் கட்ட அரசாங்கம் திட்டமிட்டது. செலவு ஏறத்தாழ 150 கோடி வெள்ளி. முதலில் பார்த்த இடம் பூச்சோங்கில் கம்போங் போஹோல். அங்குள்ள மக்கள் கடுமையாக எதிர்த்தார்கள். 2002-இல் இடம் புரோகாவுக்கு மாறியது. புரோகா மக்கள் விடுவார்களா? எங்கள் ஆற்றுக்கு, காற்றுக்கு, விவசாயத்துக்கு என்ன ஆகும் என்று கேட்டார்கள். நீதிமன்றம் போனார்கள். ஆண்டுக்கணக்கில் விடாமல் நின்றார்கள். 2007-இல் திட்டம் கைவிடப்பட்டது.

புரோகா மக்கள் செய்தது தவறு என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். ஈரக் குப்பையைச் சரியான சூட்டில் எரிக்காவிட்டால் டையாக்சின் போன்ற நஞ்சு காற்றில் கலக்கும். நம் நாட்டுக் குப்பை பெரும்பாலும் சமையலறைக் குப்பை, நனைந்தது, எளிதில் எரியாது. அவர்கள் கேட்ட கேள்விகள் நியாயமானவை. கேள்வி கேட்டதால்தான் மற்றவர்களும் கற்றுக்கொண்டோம். ஆனால் பூச்சோங் வேண்டாம் என்றதும் புரோகா, புரோகா வேண்டாம் என்றதும்? தலைநகரத்துக் குப்பை நிற்கவில்லையே. உலு சிலாங்கூரில் புக்கிட் தாகார் குப்பைமேட்டுக்கு லோரிகள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. அங்கே சுற்றிலும் செம்பனை.

நம் மாநிலத்துக்கே வருவோம். போர்ட்டிக்சன் பக்கம் புக்கிட் நானாசில், தொழிற்சாலைகளின் அபாயக் கழிவுகளைச் சுத்திகரிக்கும் மையம் 1998-இலிருந்து இயங்குகிறது. இந்த நாட்டில் அந்த வகையில் அதுதான் முதலாவது. எரிப்பது, இரசாயனத்தால் மாற்றுவது, கெட்டிப்படுத்திப் புதைப்பது எல்லாம் ஒரே இடத்தில். இங்கே செனாவாங் தொழிற்பேட்டையில் வேலை செய்கிற தம்பிகளுக்குத் தெரியும். எண்ணெய்ச் சகதி, கரைப்பான், அமிலம் என்று முத்திரை ஒட்டி உருளைகளில் போகுமே, அந்த வகைச் சரக்குக்கான இடம். அப்படி ஒரு மையம் தேவை. அது இல்லாத காலத்தில் அந்தச் சரக்கு இரவோடு இரவாக ஆற்றோரத்திலும் காட்டோரத்திலும் கொட்டப்பட்டது. இன்றைக்கும் திருட்டுத்தனமாகக் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எனவே மையத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. அதன் தபால் முகவரியை மட்டும் கவனியுங்கள். லாடாங் தானா மேரா, ஏ3 டிவிஷன், புக்கிட் பெலாண்டோக். லாடாங், டிவிஷன். நம் தாத்தா பாட்டி காலையில் பெரட்டுக்கு நின்ற தோட்டங்களின் பெயர் இன்றைக்கு இப்படித்தான் முகவரியில் மிஞ்சியிருக்கிறது. பின்னால் வீட்டுக் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலையும் அதே தானா மேரா தோட்டப் பெயரில்தான் வந்தது.

ஏன் தோட்டம்? நிலம் ஒரே முதலாளி கையில் மொத்தமாகக் கிடைக்கும். பட்டணத்திலிருந்து தள்ளி இருக்கும். சுற்றி ஆள் குறைவு. இருக்கிற ஆளுக்கும் நிலப்பட்டா கிடையாது, வீடு தோட்டத்துடையது, வேலை போனால் வீடும் போச்சு. கூட்டம் போட்டு எதிர்க்க யாருக்குத் தெம்பு? இதில் யாரும் திட்டம் போட்டு நமக்குக் கெடுதல் செய்தார்கள் என்று சொல்லத் தேவையில்லை. "யாருக்கும் தொந்தரவு இல்லாத இடம்" என்று தேடினால், குரல் கேட்காத இடத்தில்தான் போய் நிற்கும். நாங்கள் பின்புறச் சந்தைத் தேர்ந்தெடுத்ததும் அப்படித்தான். கூட்டக் குறிப்பில் இன்றைக்கும் அந்த வாசகம் இருக்கிறது, "எவருக்கும் இடையூறு இல்லாத பகுதி."

இதன் கடைசி எங்கே போய் முடியும் என்பதற்கு இலங்கையைப் பாருங்கள். கொழும்பின் குப்பை முன்பு புளூமெண்டல் என்ற இடத்தில் மலையாகக் குவிந்திருந்தது. அது மூடப்பட்டதும் 2009-இல் மீதொட்டமுல்லவுக்குத் திருப்பினார்கள். தற்காலிகம் என்றார்கள். அங்குள்ள ஏழை மக்கள் வருஷக்கணக்கில் போராடினார்கள். 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாள். நாம் இங்கே கோயிலில் பஞ்சாங்கம் கேட்டுக்கொண்டிருந்த அதே நாளில் அந்தக் குப்பைமலை சரிந்து வீடுகளை மூடியது. 30-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

சரி, நம் விஷயத்துக்கு வருகிறேன். பெரியம்மா சொன்னதை நான் நிர்வாகக் கூட்டத்தில் வைத்தேன். ஒரு நண்பர் எழுந்து, நல்ல மனிதர்தான், கோயிலுக்கு நிறைய செய்தவர், "ஐயா, நீங்கதானே பிரதோஷக் கதை சொல்லுவீங்க? யாராவது ஒருத்தர் நஞ்சை ஏத்துக்கிட்டாத்தான் ஊர் நல்லா இருக்கும். சிவபெருமானே ஏத்துக்கிட்டார்" என்றார். சிலர் தலையாட்டினார்கள். இந்தப் பதில்தான் என்னைத் தூங்கவிடவில்லை. நான் பல வருஷமாகச் சொல்லிவரும் கதை, இப்படி ஒரு காரியத்துக்குச் சாட்சியாக வந்து நிற்கிறதே!

கதையைத் திரும்ப நினைத்துப் பாருங்கள். தேவர்கள் சிவனிடம் போய் முறையிட்டார்கள். அவர் வாயில் யாரும் ஊற்றவில்லை. அவராக வாங்கி, அவராக உண்டார். அருகில் அம்பிகை இருந்தாள். நஞ்சு கண்டத்தில் நின்றது. கீழே இறங்கினால் உள்ளிருக்கும் உயிர்களுக்குக் கேடு, துப்பினால் வெளியிலிருக்கும் உயிர்களுக்குக் கேடு. யாருக்கும் கேடில்லாமல் தன்னிடத்திலேயே, எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில், நீலமாக வைத்துக்கொண்டார். அதை மறைக்கவும் இல்லை. திருநீலகண்டம் என்று அதையே பேராகச் சொல்லிக் கும்பிடுகிறோம். வல்லவன், தன் விருப்பத்தோடு, தானே எடுத்துக்கொண்டான். அதனால்தான் அது தியாகம். வாயில்லாதவன் வாசலில் கொண்டுபோய் ஊற்றிவிட்டு, "நீ சிவன் மாதிரி பொறுத்துக்கோ" என்றால், கதையில் நாம் யார்? ஓடிப்போன தேவர்கள். அதைவிடக் கீழே என்றுகூடச் சொல்லலாம். அவர்கள் ஓடத்தான் செய்தார்கள், அடுத்தவன்மேல் தள்ளவில்லை.

இன்னொருவரையும் நினைத்துக்கொள்ளுங்கள். அப்பர் பெருமான். சிலையில், படத்தில் அவர் கையில் என்ன இருக்கும்? உழவாரம். புல் செதுக்குகிற, குப்பை வாருகிற கருவி. சமணத்தில் தருமசேனர் என்று தலைவராக இருந்தவர், மன்னனையே எதிர்த்து நின்றவர், திருமுறையில் நான்கு, ஐந்து, ஆறு என்று மூன்று பகுதிகள் அவர் பாடியவை. அப்படிப்பட்டவர் கோயில் முற்றத்தைச் சுத்தம் செய்ய வேறு ஆளை அனுப்பவில்லை. திருப்புகலூரில் அவர் செதுக்குகிற இடத்தில் பொன்னும் மணியும் மின்னியதாகப் பெரிய புராணம் சொல்கிறது. அவர் அதைக் கல்லோடு சேர்த்து வாரிக் குளத்தில் எறிந்துவிட்டார். சித்திரைச் சதயத்தில் நாம் அவருக்குக் குருபூஜை எடுக்கிறோம். எடுத்துவிட்டு, சாப்பிட்ட தட்டை யார் எடுப்பார் என்று அக்கம்பக்கம் பார்க்கிறோம். உழவாரப் பணி என்றால் கும்பாபிஷேகத்துக்கு முன் ஒரு நாள் டி-சட்டை அடித்துப் போட்டுக்கொண்டு படம் எடுப்பது என்று ஆகிவிட்டது. (டி-சட்டைக்கு நானும் காசு கொடுத்தேன், ஒப்புக்கொள்கிறேன்.)

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது, பின்வரிசையில் இருந்த ஒரு தங்கை, பொறியியல் படிக்கிறாள், கேட்டாள். "சரி ஐயா, தொட்டியை மறுபடியும் முன்னால வைக்கணுமா? பக்தர்கள் திட்டுவாங்களே." நல்ல கேள்வி. இடத்தைப் பற்றி மட்டும் சண்டை போட்டால் இதற்கு விடை கிடையாது. தொட்டிக்குள் என்ன போகிறது என்று பார்த்தால்தான் வழி தெரியும்.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை ஆறு பேர் கையுறை போட்டுக்கொண்டு ஒரு நாள் குப்பையைத் தரையில் கொட்டிப் பிரித்தோம். பாதிக்கு மேல் இலை, பூ, காய்கறித் தோல், சோறு. அடுத்தது தேங்காய் மட்டை, ஓடு. பெட்டி, குவளை, அட்டை போக, உண்மையாகவே எதற்கும் ஆகாத குப்பை மூன்று பைகூட வரவில்லை. நாற்றத்துக்குக் காரணம் அந்தச் சோறும் பூவும் பிளாஸ்டிக் பைக்குள் காற்றில்லாமல் அழுகுவதுதான். காற்றில்லாமல் அழுகினால் மீத்தேன் வரும், கறுப்பாகச் சாறு வடியும். பெரிய குப்பைமேடுகளிலும் இதே கதை. அந்தச் சாறுதான் ஆற்றில் இறங்குகிறது. நம் சிரம்பான் பக்கத்துத் தண்ணீர் லிங்கி ஆற்றில்தான் போய்ச் சேர்கிறது. ஆற்றோரம் கீழே இருப்பவர்கள் அதைத்தான் சுத்திகரித்துக் குடிக்க வேண்டும். இலையையும் பூவையும் காய்ந்த சருகோடு அடுக்கி, காற்றுப் படும்படி வாரம் ஒருமுறை புரட்டினால் நாறாது. இரண்டு மூன்று மாதத்தில் மண்ணாகிவிடும். நம் கோயில் சமையல் சைவம். மீன் முள், கோழி எலும்பு கிடையாது. இந்த ஊரிலேயே உரமாக்க இதைவிடச் சுலபமான குப்பை வேறு எங்கே கிடைக்கும்?

வீட்டிலும் பிரிக்க வேண்டும் என்பது புதிய செய்தி இல்லை. நெகிரி செம்பிலானில் 2015 செப்டம்பர் 1 முதல் குப்பையைப் பிரித்துப் போடுவது சட்டப்படி கடமை. அடுத்த ஆண்டு ஜூன் முதல் அபராதமும் உண்டு. எத்தனை வீட்டில் செய்கிறோம் என்று நான் கேட்டபோது, கூட்டத்தில் கை தூக்கினவர்கள் நாலு பேர். அதில் ஒருவர் கை பாதியில் இறங்கிவிட்டது.

இதையெல்லாம் எழுதி நிர்வாகத்திடம் கொடுத்தோம். தொட்டி பின்புறச் சந்தைவிட்டுக் கோயில் வளாகத்துக்குள்ளேயே, கார் நிறுத்தும் இடத்தின் ஓரத்துக்கு வர வேண்டும். நிர்வாகத்தினர் வண்டியைவிட்டு இறங்கும்போது முதலில் கண்ணில் படுகிற இடம் அது. இலைக்கும் பூவுக்கும் பலகையில் மூன்று உரப்பெட்டி. அன்னதானத்தில் போலிஸ்டிரின் கிடையாது, வாழையிலை அல்லது வீட்டிலிருந்து கொண்டுவரும் தட்டு. அடுத்த பொதுக்கூட்ட அறிவிப்பு அடுக்குமாடியின் கீழ்த்தளத்திலும் ஒட்டப்பட வேண்டும், சந்தா இல்லாதவர்களும் வந்து பேசலாம். முதல் மூன்றுக்கும் தலைவர் மூன்று மாதம் சோதனைக்குச் சம்மதித்திருக்கிறார். நாலாவதற்கு இன்னும் பதில் இல்லை. அதைத்தான் நான் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தொட்டியை எங்கே வைப்பது என்று நாளைக்கு மறுபடியும் பேச்சு வரும்போது, பெரியம்மா அந்த அறைக்குள் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

போன வாரம் அவரைப் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். முழுக்கக் கேட்டார். "எப்போ தம்பி எடுப்பீங்க?" என்றார். அடுத்த பிரதோஷத்துக்குள் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். உள்ளே வரச் சொல்லித் தேநீர் போட்டுக் கொடுத்தார். குடித்தேன். அந்த வீட்டில் நான் வாங்கிக் குடித்தது அதுதான் முதல் தடவை.

பெட்டி அடிக்கும் வேலை வரும் ஞாயிறு காலை எட்டு மணிக்கு, கோயில் பின்புறம். மண்வெட்டி, சுத்தியல், பழைய பலகை இருந்தால் கொண்டு வாருங்கள். கையுறை நாங்கள் தருகிறோம். டி-சட்டை கிடையாது.